இடது காதுக்குப் பின்னால்

அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஆறு பேர். தலைப்பக்கம் கேப்டன் ஷ்பீரோ கோயோவிச், எழுபத்து நான்கு வயது, ரிசான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வலப்பக்கம் அவர் தங்கை ஆஞ்சே. எதிரில் டாரிங்கா, காலமான தம்பி யோக்கோவின் மனைவி, வீடு அவளுடையது. ஜன்னலோரம் யாஸ்னா, அந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள். கதவுப் பக்கம் வாசோ, யோக்கோவின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், அதனால் சொந்தத்தைவிட ஒரு படி மேல். நடுவில், அன்றைக்கு முப்பது வயது நிறைந்த ட்ரிப்கோ, யோக்கோவின் ஒரே மகன். கோயோவிச் என்ற பெயரை இனிமேல் சுமந்துகொண்டு போக வேறு ஆளில்லை. ஏழாவதாக அங்கே ஒருவரும் இல்லை. தபால்காரி ஃபீலே தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் வந்தது எல்லாம் முடிந்து, மேசைத்துணியைத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகு. வாசற்படியைக்கூட அவள் தாண்டவில்லை.

கோயோவிச் காது என்றால் ரிசான் வளைகுடா முழுக்கத் தெரியும். தலையைவிட்டு விலகி, இரண்டு பக்கமும் திறந்து வைத்த ஜன்னல் கதவு மாதிரி நிற்கும். எந்தத் துறையில் இறங்கினாலும், "நீங்க கோயோவிச்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் பெயரைக் கேட்பார்கள். ஷ்பீரோ அதைக் கேலியாக ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. ஒரு காகிதமும் காட்டாமல் ஒருவனை நம்பிக் கயிறும் எரிபொருளும் கடனாகத் தருகிறார்கள் என்றால், அந்தக் காதுகளோடு முன்னால் வந்துபோனவர்கள் ஒழுங்காக நடந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பிறந்த நாளில் காதைப் பிடித்து மேலே இழுப்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. வயதுக்கு ஒரு இழுப்பு, இன்னும் வளரவேண்டும் என்று கடைசியில் கூடுதலாக ஒன்று. மற்ற வீடுகளில் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் சும்மா தொட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். கோயோவிச் வீட்டில் அப்படி இல்லை. மூத்தவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் இரண்டு காதையும் பிடித்து, எண்ணிக்கை குறையாமல் இழுப்பார். ஷ்பீரோவின் காதை அவருடைய நாற்பத்தொன்பதாவது வயது வரை அவர் அப்பா இழுத்தார். பிறகு அவர் அப்பா இறந்துபோனார்.

ஷ்பீரோ எழுந்து சட்டையின் கைகளை மடக்கியதும் டாரிங்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மூத்தவரே, இந்த வருஷம் வேணாமே. சூப் ஆறிடும்."

"முப்பது வயசுக் கழுதைக்குச் சூப் ஆறினா என்ன?" என்றார் வாசோ. "இழு கேப்டன், நான் எண்ணுறேன். எனக்கு முப்பது வரைக்கும் நல்லாவே வரும்."

யாஸ்னா ட்ரிப்கோவைப் பார்த்தாள். ட்ரிப்கோ தட்டைப் பார்த்தான். காதை மூடுகிற மாதிரி முடியை வளர்த்திருந்தான். அந்தப் பக்கத்தில் பாதிரியார்கள்தான் நீள முடி வைப்பார்கள். "பாதிரியார் ஆகப் போறியாடா?" என்று ஆஞ்சே வந்ததுமே கேட்டாயிற்று. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஏன் வேண்டாம் என்று அடுத்த கேள்வி வரும். பெரியப்பாவின் கை வயதான கை, லேசாகத்தான் இழுக்கும் என்று நினைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தே இருந்தான்.

முடிக்குள் விரலை விட்டதும் ஏதோ மாறியிருப்பது ஷ்பீரோவுக்குத் தெரிந்தது. காது கைக்கு வரவில்லை. தலையோடு ஒட்டி, ஒடுங்கி இருந்தது. வளர்ந்த பிள்ளை கூச்சத்தில் விறைக்கிறான் என்று எண்ணி, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.

வாசோ எண்ணத் தொடங்கினார். ஆறுவரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஏழாவது இழுப்பில், இடது காதுக்குப் பின்னால் ஒரு தையல் விட்டுப்போனது போல அவர் விரல் நுனிக்குத் தெரிந்தது. சத்தம் ஏதும் இல்லை. பிறகு விரல் ஈரமாயிற்று.

"நிறுத்துங்க பெரியப்பா." ட்ரிப்கோ திரும்பாமலே சொன்னான். "காதுல ஆபரேஷன் பண்ணியிருக்கேன். பெல்கிரேடுல. அஞ்சு வாரம் ஆச்சு."

"ஆபரேஷனா? காது கேக்கலையா உனக்கு?" என்றாள் ஆஞ்சே.

"நல்லாத்தான் கேக்குது அத்தை. ஒட்ட வெச்சுக்கிட்டேன்."

சட்டைக் காலர் சிவந்துகொண்டு வந்தது. யாஸ்னா ஒரு துண்டை மடித்துக் காதுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தாள். டாரிங்கா கண்ணை மூடிக்கொண்டாள். ரத்தம் என்றால் அவளுக்கு மயக்கம். அவளுக்கும் யாஸ்னாவுக்கும் விஷயம் முன்பே தெரியும் என்பது இரண்டு முகத்திலும் எழுதியிருந்தது. ஷ்பீரோ விரலை மேசைத்துணியில் துடைத்தார்.

"உங்கப்பன் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு" என்றார். "அவன்கிட்டருந்து உன் முகத்துல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் கொண்டுபோய் வெட்டிப் போட்டுட்டு வந்திருக்க."

தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். ரத்தம் எவ்வளவு வருகிறது, வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே போய்விட்டார்.

*

அதற்குப் பிறகு இரண்டு மாதம் பேச்சில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே நானூறு அடிதான் தூரம். ட்ரிப்கோ கமெனாரியிலிருந்து எதிர்க்கரைக்குக் கார் ஏற்றிப்போகும் படகில் சுக்கான் பிடிக்கிறவன். அவன் காலையில் வேலைக்குப் போகும்போது ஷ்பீரோ ஜன்னலில் சவரம் செய்துகொண்டிருப்பார். இரண்டு பேரும் மலையைப் பார்ப்பார்கள்.

ஜூலை நடுவில், ஒரு மத்தியான வேளையில், டாரிங்கா ஒரு பாத்திரம் நிறைய மட்டிக்கறியை எடுத்துக்கொண்டு ஷ்பீரோவின் வீட்டுக்கு வந்தாள். ஆஞ்சே வாங்கி உள்ளே வைத்தாள். டாரிங்கா உட்காரவில்லை.

"வளர்ந்துக்கிட்டே போகுது, மூத்தவரே."

"என்ன வளருது?"

"அந்தத் தழும்புதான். காயம் தானா மூடிச்சு. மூடினதுக்கு அப்புறம் மேடு தட்டிச்சு. இப்ப பெரிய மொச்சைக்கொட்டை அளவுக்குச் சிவப்பா நிக்குது. ராத்திரியெல்லாம் அரிப்புன்னு தூக்கமில்லை. அது பின்னாலருந்து தள்ளித்தள்ளி, காது மறுபடி முன்னால வர ஆரம்பிச்சிடுச்சு. அதுவும் ஒரு காது மட்டும்."

ஷ்பீரோ ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"போத்கோரிட்சாவுல ஒரு டாக்டரம்மா பார்க்கிறாங்க. மாசம் ஒரு ஊசி. சிலிக்கான் பட்டை ஒட்டணும். தினம் ரெண்டு வேளை அமுக்கி விடணும். அக்டோபர் கடைசிவரைக்கும் பார்ப்பாங்களாம். அதுக்குள்ள அடங்கலைன்னா வெட்டி எடுக்கணும். வெட்டினா, இப்ப இருக்கறதைவிடப் பெருசாத் திரும்பி வரவும் வரலாம்னு சொல்லிட்டாங்க. அவன் கண்ணுக்கு அந்த இடம் எட்டாது. யாஸ்னா வாரம் முழுக்க நிக்ஷிச்சுல வேலையில இருக்கா. எனக்குத் தொட்டாலே கை நடுங்குது. அவனே கண்ணை மூடிக்கிட்டுத் தேய்க்கிறான், பாதி நாள் வேற எங்கயோ தேய்க்கிறான்."

"நான் போட்டு வெச்ச பூ எண்ணெயைத் தடவினானா?" என்று உள்ளேயிருந்து ஆஞ்சே கேட்டாள்.

"ஜூன் மாசம் பூராவும் தடவினான் அத்தாச்சி. தடவிட்டுப் படகுல போய் நிப்பான்."

"அப்புறம் எப்படி ஆறாம இருக்கும்?"

டாரிங்கா பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள். எதையும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஷ்பீரோவுக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அந்தச் சாயங்காலம் அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வயதிலும் நடுங்காத கைகள். இன்றைக்கும் பழைய சவரக்கத்தியால்தான் சவரம்; ஒரு கீறல் கிடையாது. ஒரே ஒரு தடவை இந்தக் கை ஒருவனைக் காயப்படுத்தியிருக்கிறது. அது தன் சொந்த வீட்டுப் பிள்ளையை.

*

போத்கோரிட்சா மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் சுவர் முழுக்க மூக்குப் படங்கள். பிளாஸ்திரி போட்ட மூக்கோடு இரண்டு பெண்கள் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷ்பீரோ கோட்டுப் பொத்தானைப் போட்டு, முதுகை நாற்காலியில் சாய்க்காமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் ஹாய்ரா குள்ளமான பெண், நாற்பது வயது இருக்கும். அவர் உள்ளே வந்ததும் அவருடைய காதுகளைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கா?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார் ஷ்பீரோ. "ட்ரிப்கோ கோயோவிச்சைப் பத்திக் கேக்க வந்தேன்."

"என்கிட்ட வர்றவங்களைப் பத்தி நான் வெளியில பேச மாட்டேன் கேப்டன். சொந்தமா இருந்தாலும்."

"நீங்க பேச வேணாம். நான் சொல்றேன். அந்தக் காதைக் கிழிச்சவன் நான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "பொதுவாத் தழும்பைப் பத்திக் கேளுங்க. அதுக்குத் தடை ஒண்ணுமில்லை."

"ஏன் வளருது?"

"காயம் பட்ட இடத்துக்கு உடம்பு ஒரு கொத்தனாரை அனுப்பும்னு வெச்சுக்கங்க. வெடிப்பை அடைச்சிட்டு அவர் வீட்டுக்குப் போகணும். ஆறின இடம் ரெண்டாவது தடவை கிழிஞ்சா, சில பேர் உடம்புல அவர் பயந்துடுவார். அடைச்சது போதலையோன்னு மேல மேல பூசிக்கிட்டே இருப்பார். ஊசி, பட்டை, அமுக்கி விடறது எல்லாமே அவர்கிட்ட 'போதும்ப்பா, வீட்டுக்குப் போ'ன்னு சொல்றதுதான். சத்தம் போட்டுச் சொன்னா காதுல வாங்க மாட்டார். மெதுவாச் சொல்லணும். தினமும் சொல்லணும்."

"எப்படி?"

"கையைக் கொடுங்க."

அவருடைய முன்கையில், வடம் உராய்ந்த பழைய தழும்பு ஒன்று இருந்தது. டாக்டர் அதன்மேல் கட்டைவிரலை வைத்து, சின்ன வட்டமாக நகர்த்தினாள்.

"பாருங்க, என் விரல் வழுக்கலை. தோலையும் கூட்டிக்கிட்டு நகருது. விரல் மட்டும் ஓடினா அது உரசல், கெடுதல். அமுக்கினா வெளுக்கணும், விட்டா நிறம் திரும்பணும். மூணு நிமிஷம். காலையில, சாயங்காலம். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமத் துடைச்சு, பட்டையை ஒட்டணும். பட்டை ராத்திரி பூரா இருக்கணும், பகல்லயும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. வெயில் படவே கூடாது."

ஷ்பீரோ சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

"எண்ணெய்?"

"என்ன எண்ணெய்?"

"என் தங்கை செய்யறது. மலையில பூக்கிற மஞ்சள் பூவை ஆலிவ் எண்ணெயில போட்டு நாற்பது நாள் வெயில்ல வைப்பா. ரத்தச் சிவப்பா இறங்கும்."

டாக்டர் பெருமூச்சு விட்டாள். "எங்க வீட்டுலயும் ஒரு பாட்டில் இருக்கு. எல்லா வீட்டுலயும் இருக்கு. அதைத் தடவிக்கிட்டு வெயில்ல நின்னா தோல் கறுக்கும். புதுத் தழும்புன்னா கேக்கவே வேணாம். உங்க தங்கச்சிக்கு என் வணக்கம் சொல்லி, பாட்டிலைப் பூட்டி வைக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார். ஆஞ்சே இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அந்த டாக்டருக்கு என்ன வயசு?"

"நாற்பது இருக்கும்."

"என் பாட்டிலுக்கே அதைவிட வயசு ஜாஸ்தி. நம்ம அப்பா கால்ல வெந்நீர் கொட்டினப்ப எதுல ஆறிச்சு? நீயே சொல்லு அண்ணா."

"அப்பா அந்த மூணு வாரமும் வீட்டுக்குள்ள படுத்திருந்தார். படகுல நிக்கலை."

ஆஞ்சே யோசித்தாள்.  இரண்டு நாள் அண்ணனோடு பேசாமல் சமைத்துப் போட்டாள். பாட்டில் மட்டும் அலமாரியில் ஏறிப் பூட்டிக்கொண்டது.

*

டாக்டரைப் பார்த்த மறுநாள் ஷ்பீரோ கமெனாரிக்குப் போய்ப் படகில் ஏறினார். நடந்து வருகிறவர்களுக்கு அங்கே டிக்கெட் வேண்டாம். எதிர்க்கரை போய், திரும்பி வந்து, மறுபடி போனார். கார்களுக்கு நடுவே தொப்பியோடு விறைத்து நின்ற அந்த மனிதரைப் பார்த்து, கயிறு கட்டுகிற ஆட்கள் ஏதோ சோதனை அதிகாரி வந்துவிட்டார் என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது தடவை கரை சேர்ந்தபோது ட்ரிப்கோ மேலேயிருந்து இறங்கி வந்தான். பிடரி வரை துணி தொங்கும் அகலத் தொப்பி போட்டிருந்தான்.

"எண்ணறதுக்கு வாசோ மாமாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

ஷ்பீரோ அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, காதுல நீ வெட்டினது எனக்குப் பிடிக்கலை. இன்னைக்கும் பிடிக்கலை."

"வெட்டலை பெரியப்பா. ஒட்ட வெச்சாங்க."

"சரி, ஒட்ட வெச்சது பிடிக்கலை. ரெண்டாவது, உனக்கு ரத்தம் வந்தப்ப நான் தொப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். இந்தக் குடும்பத்துல யாரும் அப்படிச் செஞ்சதில்லை. என் அப்பா உயிரோட இருந்திருந்தா என்னை வாசல்லயே நிறுத்தியிருப்பார்."

கார்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ட்ரிப்கோ கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

"பள்ளிக்கூடத்துலருந்து எல்லாரும் என் காதைப் பார்த்துத்தான் பேசுவாங்க. நீங்க அது மரியாதைன்னு சொல்வீங்க. உங்க காதுக்கு மேல ஒரு கேப்டன் தொப்பி இருந்தது பெரியப்பா. எனக்கு வெறும் காது மட்டும்தான் இருந்தது."

ஷ்பீரோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.  "டாக்டரம்மாகிட்டப் போய் எப்படி அமுக்கறதுன்னு கத்துக்கிட்டு வந்தேன்" என்றார். "உனக்கு வேணாம்னா திரும்பிப் போறேன்."

"நீங்க போனீங்களா? போத்கோரிட்சாவுக்கா? அந்த மூக்குப் படத்துக்கு நடுவுலயா?"

"ஒரு மணி நேரம்."

ட்ரிப்கோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். "நாளைக்கு ஆறு மணிக்கு நான் கிளம்பணும். அதுக்கு முன்னால வர முடியும்னா வாங்க."

ஐந்தரைக்கெல்லாம் ஷ்பீரோ டாரிங்காவின் சமையலறையில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

*

அன்றுதான் அவர் தான் செய்ததை முதன்முதலில் பார்த்தார். ட்ரிப்கோ ஜன்னலைப் பார்த்து முக்காலியில் உட்கார்ந்து முடியை ஒதுக்கிப் பிடித்தான். வலது காதுக்குப் பின்னால் மடிப்புக்குள் மெல்லிய வெளிர் கோடு, இருக்கிறதா என்று தேடவேண்டும். இடது பக்கம் பளபளவென்று சிவந்த மேடு, விளிம்பில் வெயில் பட்ட பழுப்பு. தொட்டால் குருத்தெலும்பு போலக் கடினம். ஷ்பீரோ கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்து, கட்டைவிரலை மேட்டின்மேல் வைத்தார்.

"வலிக்குதா?"

"இல்லை. அரிக்குது. அங்கயே அமுக்குங்க, அங்கதான்."

அதற்குப் பிறகு காலையும் மாலையும் அதுவே வழக்கமாயிற்று. பெரிய பேச்சு ஒன்றும் நடக்காது. காற்று எந்தப் பக்கம், படகில் எத்தனை சுற்றுலாப் பேருந்து, எந்தச் சுக்கான்காரன் குடித்துவிட்டு வந்தான், இப்படி. டாரிங்கா காபியை வைத்துவிட்டு முதுகைக் காட்டி நிற்பாள். வார இறுதியில் யாஸ்னா வந்தால் கதவில் சாய்ந்துகொண்டு வம்புக்கு இழுப்பாள்.

"கேப்டன் மாமா, என்னைவிட நீங்கதான் அவரை அதிகம் தொடுறீங்க. எனக்குப் பொறாமையா இருக்கு."

"உனக்குன்னு அவனோட வலது காது இருக்கில்லை? அதை வெச்சுக்க" என்பார் ஷ்பீரோ, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்கு ரெண்டு காதும் பழைய மாதிரியே பிடிச்சிருந்தது. நான் சொன்னா இவர் கேட்டாத்தானே? காது பெருசா இருக்கறவங்களுக்கு நல்லாக் கேக்கும்னு யார் சொன்னது?"

ஊசி போடுகிற நாளில் ஷ்பீரோவும் காரில் ஏறிக்கொள்வார். தழும்புக்குள்ளேயே ஊசி இறக்குவது வலிக்கும். மேடு அவ்வளவு இறுகியிருந்ததால் மருந்து உள்ளே போக மறுத்தது. முதல் தடவை ட்ரிப்கோ தன்னையறியாமல் பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஷ்பீரோ கையை அசைக்கவில்லை. விரல் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் அவர் ஒரு தப்புச் செய்தார். மேடு கொஞ்சம் இளகியிருந்தது, ஆனால் உயரம் குறையவில்லை. இரண்டு மாதம்தான் மிச்சம். மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு என்றால் ஆறு நிமிடத்துக்கு இரண்டு மடங்கு என்று அவர் மனம் சொல்லிற்று. யாரிடமும் சொல்லாமல் கூட்டினார், அழுத்தத்தையும் கூட்டினார். நான்காம் நாள் காலையில் மேட்டின் முகட்டில் தோல் கொப்புளமாக எழும்பி, அவர் விரலின் கீழேயே வழன்றது.

கை நின்றது. ட்ரிப்கோ இன்னும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. காபி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ட்ரிப்கோ." ஷ்பீரோவின் குரல் சீராகவே இருந்தது. "நாலு நாளா நான் ஆறு நிமிஷம் அமுக்கினேன். டாக்டரம்மா சொன்னது மூணு. தோல் உரிஞ்சிடுச்சு. பட்டாணி அளவு. ரத்தம் இல்லை, தண்ணி மாதிரி கசியுது."

ட்ரிப்கோவின் தோள் இறுகிற்று.

"நான் எங்கயும் போகலை" என்றார் ஷ்பீரோ. "இங்கதான் நிக்கிறேன். சுத்தமான துணி எடு, டாரிங்கா."

டாரிங்கா துணியை எடுத்தாள். கொதித்து ஆறிய தண்ணீரும் கொண்டுவந்தாள். வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொள்ளாமல், அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ஷ்பீரோ துடைத்தார். ட்ரிப்கோ டாக்டருக்குத் தொலைபேசியில் சொல்லி, ஒலியைக் கூட்டி வைத்தான்.

"யார் ஆறு நிமிஷம் அமுக்கச் சொன்னது?" என்றது டாக்டரின் குரல்.

"யாரும் சொல்லலை. நானா செஞ்சேன்" என்றார் ஷ்பீரோ.

"கொத்தனார்கிட்டக் கத்தினீங்களா கேப்டன்?"

"ஆமா."

"பத்து நாள் தொடாதீங்க. பட்டையும் வேணாம். தோல் மூடட்டும். கெட்டுப் போச்சா இல்லையான்னு அப்புறம்தான் தெரியும்."

அந்தப் பத்து நாளும் அவர் ஐந்தரைக்கு வந்தார். கையைக் கழுவினார். செய்ய ஒன்றும் இல்லை. தோலைப் பார்த்து, நிறத்தையும் அளவையும் ட்ரிப்கோவுக்கு உள்ளபடி சொல்லிவிட்டு, எதிரில் உட்கார்ந்து காபி குடித்தார். ட்ரிப்கோவும் அவசரமாகக் கிளம்பவில்லை. ஒரு நாள் அவனாகவே, பெல்கிரேடில் மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் அப்பாவின் ஞாபகம் வந்ததையும், எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்ததையும் சொன்னான்.

"ஏன் ஓடலை?"

"முதுகுல கட்டுற சட்டை பெரியப்பா. பின்னால எல்லாம் திறந்து கிடந்தது."

ஷ்பீரோ காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். டாரிங்கா அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

பதினோராம் நாள் மறுபடி தொடங்கினார்கள். மூன்று நிமிடம், ஒரு நொடி கூடுதல் இல்லை.

*

செப்டம்பர் ஊசிக்கு மருந்து தடையில்லாமல் உள்ளே இறங்கிற்று. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ரிசானில் மழை என்றால் மலையே கரைந்து இறங்குகிற மாதிரி. வெயில் கவலை போயிற்று. அரிப்பு எந்த நாளில் நின்றது என்று ட்ரிப்கோவால் சொல்ல முடியவில்லை. ஒரு காலை, "நேத்து நான் சொறிஞ்சேனா?" என்று கேட்டான். யாருக்கும் ஞாபகம் இல்லை.

அக்டோபர் கடைசிச் செவ்வாயன்று டாக்டர் ஹாய்ரா விளக்கைத் திருப்பி, சின்ன அளவுகோலை வைத்துப் பார்த்தாள். விரலால் அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கினாள். ஷ்பீரோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். உட்காரச் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

"ஜூலையில நாலு மில்லிமீட்டர் உயரம்" என்றாள் டாக்டர். "இப்ப ஒண்ணுகூட இல்லை. வெட்ட வேண்டியதில்லை."

ட்ரிப்கோ மூச்சு விட்டான்.

"தழும்பு போகாது. எந்தத் தழும்பும் போகாது. இது வெளுத்து, தட்டையாகி, அப்படியே படுத்துக்கும். இன்னும் ஆறு மாசம் பட்டை ராத்திரிக்கு மட்டும். வெயில்ல தொப்பி. காது இருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பிடுச்சு. அமுக்கினது யாரோ, அவருக்குச் சொல்லிடுங்க."

"எப்படி இருக்கு பெரியப்பா?" என்று ட்ரிப்கோ கேட்டான். அவன் கண்ணுக்கு அந்த இடம் இன்னும் எட்டாதுதானே.

ஷ்பீரோ கிட்டே வந்து, குனியாமல், கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"வலது பக்கம் மாதிரி நேரா இல்லை. நடுவுல ஒரு இடத்துல அகலமா இருக்கு. அது என்னோடது." கண்ணாடியைக் கழற்றினார். "மத்தபடி நல்லா இருக்கு. காதும் நல்லாத்தான் இருக்கு."

ட்ரிப்கோ முடியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தான். திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி இரண்டு பேரும் பன்றித்தொடை வைத்த ரொட்டி சாப்பிட்டார்கள். மழைக்கு நடுவே வண்டியை ஷ்பீரோ ஓட்ட விரும்பினார். ட்ரிப்கோ சாவியைக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் முடிவெட்டிக்கொண்டு அவன் படகில் ஏறினான். கல்யாணம் ஜனவரியில் என்று நாள் குறித்தார்கள்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. கேப்டன் ஷ்பீரோ கோயோவிச்சும் இந்த வயதில் காதை ஒட்ட வைத்துக்கொண்டார், மூக்குப் படம் மாட்டிய அந்த அறையில் அவரை ரிசான்காரி ஒருத்தி இரண்டு தடவை கண்ணால் பார்த்தாள், எல்லாம் டிவாட் ஊரில் இருக்கிற ஒரு விதவைக்காகத்தான் என்று. இது உண்மையல்ல. அவர் அந்த மருத்துவமனைக்கு ஐந்து முறை போனார். முதல் முறை தனியாக, மற்ற நான்கு முறை தம்பி மகனோடு. அவர் காதில் யாரும் கத்தி வைக்கவில்லை. டிவாட்டில் அவருக்குத் தெரிந்த விதவை ஒருவரும் இல்லை.